அம்மாவின் வலதுகைப் பெருவிரல்

2000 ஓகஸ்ட் 14, திங்கள்

இன்றும் ரேடியோவில் என் பெயர் வரவில்லை! வவுனியாவில் இருந்து எழுதும் ‘நேசன்’ வந்தார். மன்னாரில் இருந்து அந்த அருள்மதி அக்கா இரண்டு தரம் வந்தா. தண்ணீரூற்று ஜினி என்று ஒருவரும் சொல்லவில்லை. கடிதம் போட்டு ஏழு கிழமை. பாதை திறந்து பூட்டித் திறந்து, என் கடிதம் எந்தச் சாக்குக்குள் கிடக்கிறதோ.

திங்கட்கிழமை மருத்துவ நேரத்தை மட்டும் நான் விடமாட்டேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை ரேடியோவில் கொழுவி, ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டு மற்றக் கையால் கொப்பியில் எழுதுவேன். கை களைத்தால் டொக்டரின் குரலும் களைத்துப்போகும். நாலாவது கொப்பி இது. சலரோகம், அம்மைநோய், பாம்புக்கடி எல்லாம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு நான் எடுத்த புள்ளியை இங்கே எழுதமாட்டேன். ஆனால் இந்த ஒழுங்கையில் காய்ச்சல் என்றால் முதலில் என்னிடம்தான் வருவார்கள்.

மலைநாட்டில் இருந்து வந்து குடியேறிய பக்கத்துக் காணி மீனம்மா அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “ஏ புள்ள, ரேடியோ டாக்டரம்மா, இன்னிக்கி என்னா நோவு கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டா. கேட்கட்டும்.

2000 ஓகஸ்ட் 19

அம்மா போத்தல் மூடியைத் திறக்க ஏலாமல் சீலைத் தலைப்பால் பிடித்துத் திருகினா. அப்படியும் ஏலவில்லை. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் போத்தலைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டா.

“என்னம்மா கை?”

“ஒண்டுமில்லை. உது இறுகின மூடி.”

நான் திறந்தேன். இறுக்கமே இல்லை.

2000 ஓகஸ்ட் 28, திங்கள்

ஒரு கிழமையாய் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவாவுக்குத் தெரியாமல். காலையில் எழும்பியதும் விரல்களைக் கொஞ்ச நேரம் மடக்கி நீட்டுகிறா. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் தூக்குகிறா. உடுப்புப் பிழியும்போது உதட்டைக் கடிக்கிறா. வலதுகைப் பெருவிரலின் அடி, மணிக்கட்டுக்குக் கிட்ட, வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. சுட்டுவிரல் நுனி மூட்டில் கடலைப் பருப்பு அளவில் ஒரு கட்டி.

எப்படி வராமல் இருக்கும்? தொண்ணூற்றாறில் கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்து இங்கே வந்த நாளில் இருந்து விமலேஸ்வரி அன்ரியின் சாப்பாட்டுக் கடைக்கு அம்மாதான் இடியப்பம். விடிய விடிய நூற்றைம்பது. இடியப்பம் பிழியும் மர உரலின் இரண்டு பிடியையும் பிடித்து, பெருவிரலை ஊன்றி அமத்த வேண்டும். நிவாரண மாவை அவித்துக் குழைத்தால் கல்லு மாதிரி. இளக்கமாய்க் குழைத்தால் ஒட்டுது என்று கடையில் குறை. நாலு வருசம். எத்தனை லட்சம் தரம் அந்தப் பெருவிரல்!

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. அவர் எங்கள் வயல் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க இரணைமடுப் பக்கம் போய்க் கொட்டில் போட்டிருக்கிறார். மாதத்தில் ஒருக்கால் வருவார்.

கடிதம் எழுதிவிட்டேன். அம்மாவின் கையைப் பற்றி, மூன்று பக்கம், படமும் கீறி. இதையாவது வாசிப்பார்களா?

2000 செப்ரெம்பர் 9

சண்டை. ஆஸ்பத்திரிக்குப் போவம் என்றேன்.

“உந்தக் கைக்கோ? அங்கை கால் இல்லாத சனம் பாயில கிடக்குது. நான் போய் விரல் நோகுது எண்டு நிக்கிறதோ? வெக்கமில்லையோடி?”

2000 செப்ரெம்பர் 16

முத்துலிங்கம் அண்ணையின் கடையில் குளிசை வாங்கிவிட்டேன். அரிசியும் தேங்காயெண்ணெயும் விற்கிற கடைதான். ஆனால் பின்னால் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் குளிசைகள் வைத்திருப்பார். எப்படி வருகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. டைக்ளோபெனாக். பெயர் என் இரண்டாவது கொப்பியில் இருக்கிறது, மூட்டு நோவுக்கு என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு.

அம்மா முதலில் மாட்டேன் என்றா. பிறகு வாங்கிக் குடித்தா.

2000 செப்ரெம்பர் 18

வேலை செய்யுது!!! அம்மா தலையிழுத்துப் பின்னினா, தானே! போத்தல் மூடி ஒரே திருகு! நான்தானே கண்டுபிடித்தேன்? மீனம்மா அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “அப்ப பெரிய டாக்டராத்தான் ஆயிட்ட” என்றா. பகிடியா, மெய்யா தெரியாது. நான் மெய் என்றே எடுத்துக்கொண்டேன்.

2000 ஒக்ரோபர் 5

அம்மா இப்போது இருநூறு பிழிகிறா. நோ இல்லாதபடியால் கடைக்கு இன்னும் ஐம்பது கூடக் கேட்டு வாங்கியிருக்கிறா. கை வருத்தம் மாறிச் சுகமாகிவிட்டதாம்.

கட்டி அப்படியே இருக்கிறது. பெருவிரலடி முன்னையிலும் கூடத் தள்ளியிருக்கிறது போல... எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ? நோ போனால் வருத்தமும் போனதுதானே. இல்லையா? கொப்பியில் தேடினேன். அதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

2000 ஒக்ரோபர் 21

அம்மா நேர்த்தி வைத்திருக்கிறா. கை சுகமானதுக்கு, கந்தசஷ்டி முடிந்து பாறணை அன்று காலை கோயிலில் விரதகாரருக்கு முந்நூறு இடியப்பம், தன் கையாலேயே பிழிந்து. கை சுகமானதுக்குக் கைக்கே முந்நூறு! நான் சிரித்தேன். அம்மா முறைத்தா.

2000 ஒக்ரோபர் 28, சனி

சஷ்டி தொடக்கம். அம்மா ஆறு நாளும் பாலும் பழமும்தான், அதுவும் பின்னேரம் ஒரு நேரம். ஆனால் கடைக்கு இடியப்பம் நிற்கவில்லை.

“குளிசை சாப்பாட்டுக்குப் பிறகு எண்டெல்லே?” என்றேன்.

“மருந்து விரதத்தை முறிக்காது.”

நான் கேட்டது அது இல்லை. ஆனாலும் விட்டுவிட்டேன். பால் குடிக்கிறாதானே, பால் வயிற்றுக்குக் குளிர்ச்சி.

2000 ஒக்ரோபர் 31

பக்கற்றில் குளிசை எண்ணிக்கை குறைகிறது. இரண்டு இரண்டாய்ப் போடுகிறா. கேட்டேன். “முந்நூறு பிழியவேணுமெல்லே, இப்பவே கை பழகவேணும்” என்றா. முகம் ஒரு மாதிரி வெளிறி இருந்தது. விரதம்தானே, அப்படித்தான் இருக்கும்.

2000 நவம்பர் 2

அம்மா விழுந்திட்டா.

2000 நவம்பர் 3

ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்து எழுதுறன். எழுதாட்டி விசர் பிடிக்கும்.

நேற்று காலமை பத்து மணியிருக்கும். அம்மா நேர்த்திக்கு மா வறுத்துக்கொண்டிருந்தவா. நான் கிணத்தடியில். தாச்சி விழுந்த சத்தம். ஓடிப்போனால் குசினி நிலத்தில அம்மா, மா முழுக்க மேலில. முகம் கடுதாசி மாதிரி. வேர்வை. நாடியைப் பிடிச்சுப் பாத்தன், ஓடுது, ஓடுது, எண்ண ஏலாமல் ஓடுது. எனக்கு ஒண்டும் ஞாபகம் வரேல்லை. நாலு கொப்பியும் அலுமாரிக்குள்ள கிடக்குது, எனக்கு ஒரு வரி ஞாபகம் வரேல்லை.

மீனம்மா அக்கா வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தவா. அம்மாவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னா:

“ரெண்டு நாளா வெளிக்கிப் போறது தார் மாதிரி கறுப்பா போகுதாம் புள்ள. எங்கிட்டதான் சொன்னுச்சு. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு.”

ஏன்? ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?

“நீ பயந்துருவியாம். குளிச நீ வாங்கிக் குடுத்ததாமே.”

முத்துலிங்கம் அண்ணையின் லான்ட்மாஸ்ரர் உழவுமெசின் பெட்டியில்தான் ஏற்றினோம். மண்ணெண்ணெய்ப் புகை, குண்டும் குழியும். அம்மாவின் தலை என் மடியில். வழியில் அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார், “பிள்ளை, என்ர பேரைச் சொல்லிப்போடாதை. கடையைப் பூட்டிப்போடுவாங்கள்.” நான் ஓம் என்றேன்.

அங்கே ஒரு பெண் டொக்டர், ‘டொக்டர் அம்மா’ என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள், அம்மாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தா, வயிற்றை அமத்தினா. இரத்தம் ஏற்றவேண்டும், உடனே இரண்டு பேர் வேண்டும் என்றா. என்னைத் தராசில் ஏற்றினார்கள். நாற்பத்தொரு கிலோ. “உன்னட்டை எடுக்க ஏலாது, பிள்ளை, நீயே விழுந்திடுவாய்.” அழுதேன், கெஞ்சினேன். தாதி என்னைக் கதிரையில் இருத்திவிட்டுப் போய்விட்டா.

மீனம்மா அக்கா கையை நீட்டிக்கொண்டு நின்றா. பொருந்தியது. இன்னொரு போத்தல் இரத்தம் அங்கே வேலை செய்கிற ஒருவர் கொடுத்தார்.

போத்தல் இறங்கிக்கொண்டிருக்கும்போது அக்கா என் காதுக்குள் சொன்னா: “நாலு வருசமா என் வீட்டுத் தேத்தண்ணி குடிக்கமாட்டேன்னுச்சு ஒங்கம்மா. இப்ப பாரு, நேரா என் ரத்தத்தையே குடிக்குது.”

சிரித்தேன். பிறகு சிரிப்பு நிற்கவில்லை, அழுகையும் நிற்கவில்லை.

2000 நவம்பர் 4

வெறும் வயிற்றில் போட்ட குளிசைதான் வயிற்றைப் புண்ணாக்கி இரத்தம் கசிய வைத்ததாம். டொக்டர் அம்மா காலையில் கேட்டா, “ஆர் உங்களுக்கு இந்தக் குளிசை தந்தது?”

அம்மா கண்ணை மூடிக்கொண்டு, “நானேதான் வாங்கினனான். வவுனியாவில இருந்து ஆரோ கொண்டந்தது” என்றா.

நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. அம்மா பொய் சொல்லுறா, எனக்காக, வயிற்றுக்குள் புண்ணோடு படுத்திருந்துகொண்டு பொய் சொல்லுறா, நான் சும்மா நிக்கிறன்.

2000 நவம்பர் 5

சொல்லிவிட்டேன்.

விறாந்தையில் டொக்டர் அம்மாவை மறித்து, எல்லாவற்றையும். கொப்பி, திங்கட்கிழமை நிகழ்ச்சி, விரதம், இரண்டு இரண்டாய்ப் போட்டது. கடையின் பெயரை மட்டும் சொல்லவில்லை. ஏசுவா என்று நின்றேன். ஏசவில்லை. அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது.

“கொப்பியில வயிற்றுப்புண் எண்டு எழுதியிருக்கோ?” என்று கேட்டா.

“ஓம். மூண்டாவது கொப்பியில.”

“குளிசை எத்தினையாவது?”

“ரெண்டாவது.”

“அப்ப ரெண்டு கொப்பியையும் ஒரு நாளும் சேத்து வாசிக்கேல்லை” என்றுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டா.

2000 நவம்பர் 7

அப்பா வந்துவிட்டார். யார் சொல்லியனுப்பினார்களோ. அம்மாவின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் இருந்தார். வெளியே வந்து என்னிடம், “கை நோகுது எண்டு எனக்கும் சொல்லேல்லை, பாத்தியே. இந்த மனிசியை என்ன செய்யிறது?” என்றார். எனக்கு ஏசுவார் என்றுதான் நினைத்திருந்தேன்.

2000 நவம்பர் 9

கறுப்பு நின்றுவிட்டது. கஞ்சி குடிக்கிறா. டொக்டர் அம்மா இன்றைக்குத்தான் கையைப் பார்த்தா. பெருவிரலைப் பிடித்து மெல்ல அமத்தித் திருப்பினா. அம்மாவின் முகம் சுருங்கியது. உள்ளே கறகற என்று ஏதோ உரஞ்சுகிறதாம், என் விரலையும் வைத்துப் பார்க்கச் சொன்னா. மணல் போல இருந்தது.

“எக்ஸ்ரே பிலிம் வரேல்லை. என்ர விரல்தான் எக்ஸ்ரே. இது மூட்டுத் தேய்வு. முடக்குவாதம் இல்லை, மணிக்கட்டும் விரல் முழியும் வீங்கேல்லை. தேய்ஞ்சது திரும்பி வளராது, அம்மா. நோவை அடக்கிப்போட்டு வேலையைக் கூட்டினால் இன்னும் தேயும்.”

அதுதான் நாங்கள் செய்தது. அப்படியே.

செய்யவேண்டியது: காலையில் இளஞ்சுடுதண்ணீரில் கை. விரல் நுனியைப் பெருவிரல் நுனியில் தொட்டு வட்டம் செய்வது, ஒவ்வொரு விரலும், மெதுவாய், நோகும் இடத்தில் நிறுத்தி. அகப்பைக் காம்பு, கத்திப் பிடி எல்லாவற்றுக்கும் துணி சுற்றித் தடிப்பாக்குவது. நோ கூடினால் பரசிற்றமோல் மட்டும். மூட்டு அசையாமல் பிடிக்கப் பெருவிரலுக்கு ஒரு அணை.

அணை எங்கே எடுப்பது? செயற்கைக் கால் செய்யும் இடத்துக்குத் துண்டு எழுதித் தந்தா.

2000 நவம்பர் 23

அம்மா அந்த இடத்துக்கு வரமாட்டேன் என்று இரண்டு நாள் நின்றா. மீனம்மா அக்காதான் இழுத்துக்கொண்டு வந்தா: “என் ரத்தம் ஓடுற கை, நா சொன்னா கேக்கணும்.”

நீட்டு வாங்கில் ஒன்பது பேர் வரிசையாய் இருந்தார்கள். ஒருவருக்கும் முழுக் கால் இல்லை. என்னைவிடச் சின்னவள் ஒருத்தி, முழங்காலுக்குக் கீழே வெறும் பாவாடை. அம்மா சீலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு, எழும்புவம் எழும்புவம் என்று என்னை இடித்தபடி.

அணை செய்கிறவர் பாலன் என்றொருவர். நடக்கும்போதுதான் அவருக்கும் ஒரு கால் செய்தது என்று தெரிந்தது. துண்டை வாசித்தார்.

“பெருவிரலுக்கோ வந்தனீங்கள்?”

அம்மா தலையைக் குனிந்துகொண்டு, “இல்லைத் தம்பி, இவள்தான்... இந்தச் சனத்துக்கு முன்னால எனக்கு வெக்கமாக் கிடக்கு. நாங்கள் போட்டு வாறம்” என்றா.

“ஏனம்மா, எனக்குச் சந்தோசமாக் கிடக்கு. காலைச் செய்து செய்து அலுத்துப்போச்சு. இருங்கோ.”

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையும். “அன்ரி, நீங்கள் முதல் போங்கோ, என்ரை கால் இன்னும் காயேல்லையாம்” என்றாள்.

கால் செய்ததில் மிஞ்சிய பிளாஸ்ரிக் தகட்டைச் சூடாக்கி, அம்மாவின் கைக்கு ஈரத்துணி சுற்றி, அதற்கு மேல் வைத்து வளைத்தார். பெருவிரலின் அடி மட்டும் அசையாமல், நுனியும் மற்ற விரல்களும் சும்மா. ஓரத்தை அராவி, பட்டி தைத்து. மனிதத் தோலின் நிறம்தான், ஆனால் அம்மாவின் நிறம் இல்லை. ஆரோ ஒரு வெள்ளைக்காரியின் பெருவிரல் மாதிரி.

“என்ன வேலை செய்யிறனீங்கள்?”

“இடியப்பம் பிழியிறது.”

“அதைக் கையால பிழியாதேங்கோ. உடம்பால பிழியுங்கோ” என்றார்.

2000 நவம்பர் 30

உடம்பால் எப்படிப் பிழிவது? அப்பா இரண்டு நாளாய் அடித்துக் கழற்றி அடிக்கிறார். ஒரு வாங்கில் ஓட்டை வெட்டி உரலை இறக்கி, மேலே நீட்டுப் பலகை, ஒரு பக்கம் கதவுப் பிணைச்சல். பலகையின் மற்ற நுனியில் முழங்கையை வைத்துச் சாய்ந்தால் நூல் இறங்கும். முதல் தரம் பலகை வழுக்கி அப்பாவின் தாடையில் அடித்தது. இரண்டாம் தரம் மாக் கட்டி நிலத்தில். மூன்றாம் தரம் இடியப்பம், ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் ஓட்டை.

“உதைக் கடைக்குக் குடுக்கேலாது” என்று அம்மா சொல்லிவிட்டு, அணையைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய உரலை எடுத்தா. பத்துப் பிழிந்திருப்பா. நான் போய் உரலைப் பறித்தேன். இழுபறி. மெய்யாகவே இழுபறி. மா கொட்டிவிட்டது.

“விடடி!”

“விடமாட்டன்! திரும்ப ஆஸ்பத்திரியில ஆர் நிக்கிறது? சொல்லாமல் சொல்லாமல் செத்துப்போவியள், நான் கொப்பியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறதோ?”

அம்மா உரலை விட்டா. வெளியே போய் முற்றத்தில் நின்றா. நான் கொட்டிய மாவை அள்ளினேன்.

2000 டிசெம்பர் 6

பலகைக்கு அடியில் ரயர்த் துண்டு வைத்தபிறகு வழுக்கவில்லை. மாவைக் கொஞ்சம் இளக்கமாய்க் குழைத்து, தட்டில் எண்ணெய் தடவினால் ஒட்டவும் இல்லை. ஆனால் எண்பதுக்கு மேல் ஏலாது. அணையோடு மெதுவாய்த்தான் வருகிறது.

2000 டிசெம்பர் 18, திங்கள்

வந்தது. என் பெயர்.

எத்தனை மாதம் காத்திருந்தது! “தண்ணீரூற்றில் இருந்து ஜினி, அழகாகப் படமும் வரைந்து அனுப்பியிருக்கிறார்” என்று அறிவிப்பாளர் சொன்னா. ஓகஸ்டில் எழுதிய கடிதம். டொக்டர் பதில் சொன்னார்: இது மூட்டுத் தேய்வாக இருக்கலாம், முதலில் கைக்கு ஓய்வும் அணையும் சுடுதண்ணீரும், நோக் குளிசை ஆஸ்பத்திரியில் கேட்டபின்தான், வெறும் வயிற்றில் ஒரு நாளும்...

என் கை பெடலில் நின்றுவிட்டது. குரல் இழுபட்டு இழுபட்டு அணைந்தது.

குசினிக்குள் இருந்து அம்மா, “ஏன் நிப்பாட்டினனி? உன்ர பேரெல்லே போகுது!”

“எல்லாம் கேட்டாச்சு.”

“எனக்குக் கேக்கேல்லை. சுத்து.”

சுற்றினேன். அதற்குள் வேறு யாருடையதோ கடிதம். மன்னார் அருள்மதி அக்காவின் சலரோகம்.

2001 சனவரி 3

முத்துலிங்கம் அண்ணையின் கடைக்கு உப்பு வாங்கப் போனேன். முழங்கால் நோவுக்கு என்று ஒரு கிழவர் நின்றார். அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு கிழவரிடம், “பெரியவர், வயித்தில புண் கிண் இருந்ததோ? விரதம் ஏதும் பிடிக்கிறியளோ?” என்று கேட்டார். ரின்னைத் திறக்கத்தான் செய்தார். ஆனால் கேட்டார்.

2001 சனவரி 22, திங்கள்

விமலேஸ்வரி அன்ரி கடையில் வைத்துச் சொன்னா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி வருகுதாம், நாலு நாளைக்கு இருநூறு இருநூறாய் வேண்டுமாம். “உன்ர கை போல வேற ஆற்ற கையிலயும் வராது, மலர்” என்று தேன் வேறு.

அம்மாவுக்கு இப்படி யாராவது சொன்னால் போதும். நான் குறுக்கே சொல்லுவமோ விடுவமோ என்று நின்றேன். கடைக்குள் ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா சீலைத் தலைப்புக்குள் இருந்து கையை எடுத்தா. அணையோடு. மேசையில் வைத்தா, எல்லாருக்கும் தெரிய.

“எண்பதுதான் ஏலும், விமலா. இந்த மூட்டுத் தேய்ஞ்சுபோச்சு. இனி அவ்வளவுதான்.”

“மிச்சத்துக்கு நான் எங்கை போறது?”

“மீனம்மாவைக் கேளன். அவவும் நல்லாப் பிழிவா.”

அன்ரி கோப்பைகளை அடுக்கினா. நாங்கள் வெளிக்கிட்டோம். வெயில் ஏறிவிட்டது. ஒழுங்கை முடக்கில் அம்மா நின்று, வெறும் கூடைதான், பாரமே இல்லை, அதை என்னிடம் நீட்டினா.

“இந்தா, பிடி. நோகுது.”

வாங்கினேன்.